பழந்துணி சொல்லும் வரலாறு



வரலாறு என்றதும் நமக்கு அரசர்களும் போர்களும் கோட்டைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. பள்ளிப் புத்தகம் நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. ஆனால் மனிதர் உடுத்திய துணிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதிலும், ஒருவர் உடுத்திக் கழித்ததை இன்னொருவர் வாங்கி, துவைத்து, கிழிசலைத் தைத்து, மூன்றாமவருக்கு விற்றுப் பிழைத்த வரலாறு பல நூற்றாண்டுகள் நீளமானது. இன்றைய பேச்சில் அந்தப் பழந்துணி வியாபாரத்தின் வரலாற்றை நாம் பார்ப்போம்.

இதை ஏன் இன்று எடுத்துக்கொண்டோம்? நம் தோட்டத்து இளைஞர் சிலர் வாரச் சந்தையிலும் பண்டல் கடையிலும் குவித்திருக்கும் துணிகளில் நல்லவற்றைப் பொறுக்கி எடுத்து, இலாபம் வைத்து விற்கிறார்கள். சட்டை, சிலுவார், கைப்பை, இடைவார், தொப்பி, காலணி என்று எல்லாம் இதில் அடங்கும். வீட்டில் பெரியவர்களோ, "ஊரார் உடுத்திப் போட்டதைத் தொட்டா பிழைப்பு நடத்துவது?" என்று முகம் சுளிக்கிறார்கள். இந்தத் தொழில் இழிவானதா? இதில் உண்மையிலேயே இலாபம் உண்டா? அந்த இலாபம் யாருடைய கைக்குப் போகிறது? இந்த மூன்று கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் புரட்டுவோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இயந்திரம் வருவதற்கு முன்பு துணி என்பது மிகவும் விலையுயர்ந்த பொருள். பஞ்சையோ ஆட்டு மயிரையோ கையால் நூற்று, கைத்தறியில் நெய்து, கையால் தைக்க வேண்டும். ஒரு நெசவாளரின் தறி ஓயாமல் ஓட வேண்டுமானால், அவருக்கு நூல் கொடுப்பதற்குப் பலர் உட்கார்ந்து நூற்க வேண்டும். அதனால்தான் ஐரோப்பாவில் அக்காலத்து உயில்களில் வீடு, நிலம், பாத்திரம் என்ற வரிசையில் மேலங்கியும் பாவாடையும் எழுதி வைக்கப்பட்டன. எசமானியம்மாள் கழித்த உடை வேலைக்காரிக்கு உரியது என்பது பல வீடுகளில் வழக்கமாக இருந்தது. அந்த வேலைக்காரி அதைத் தானே உடுத்துவாள். அல்லது விற்றுப் பணமாக்கிக்கொள்வாள்.

துணி ஏழைகளுக்குச் சேமிப்பாகவும் இருந்தது. நம் வீடுகளில் அவசரத்துக்கு ஒரு வளையலோ சங்கிலியோ அடகுக் கடைக்குப் போகிறது அல்லவா? 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் நல்ல உடை திங்கட்கிழமை அடகுக் கடைக்குப் போகும். சனிக்கிழமை கூலி கிடைத்ததும் மீட்கப்படும். அடுத்த திங்கட்கிழமை மீண்டும் போகும். உடுப்பு ஒன்றுதான் அவர்களிடம் இருந்த நகை என்று சொல்லலாம்.

விலையுள்ள பொருள் எங்கே உண்டோ, அங்கே அதை மறுபடியும் விற்பவரும் உண்டு. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் பழந்துணி வியாபாரிகளுக்கென்று இடைக்காலத்திலேயே தனியாக ஒரு தொழிற்சங்கம் இருந்தது. வெனிஸ் நகரத்தில் நிலைமை வேறு. அங்கே 1516ஆம் ஆண்டில் யூத மக்களை நகரத்தின் ஒரு மூலையில் ஒதுக்கிக் குடியமர்த்தினார்கள். அவர்கள் செய்வதற்கு அனுமதிக்கப்பட்ட தொழில்கள் மிகச் சில. வட்டிக்குக் கொடுப்பது ஒன்று. பழந்துணியும் பழம்பொருளும் விற்பது இன்னொன்று. புதுத் துணி நெய்யவோ தைக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை. வேறு கதவுகள் எல்லாம் அடைக்கப்பட்ட பிறகு, திறந்திருந்த ஒரு கதவு பழந்துணிக் கதவுதான்.

இதை நாம் கவனிக்க வேண்டும். பழந்துணி வியாபாரம் இழிவானது என்று பெயர் எடுத்ததற்கு அந்தத் தொழில் காரணம் அன்று. ஒதுக்கப்பட்டவர்களிடம் அந்தத் தொழில் விடப்பட்டது. பிறகு அவர்கள் மேல் இருந்த வெறுப்பு தொழிலின் மேலும் ஒட்டிக்கொண்டது. நம்மவருக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிட்டவரையும் துணி வெளுத்தவரையும் தாழ்த்தி வைத்து, அவர்களுடைய உழைப்பின் பயனை மட்டும் அனுபவித்த சமூகத்திலிருந்துதானே நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தார்கள்!

பழந்துணிக்கு அஞ்சியதற்கு நியாயமான ஒரு காரணமும் இருந்தது. அது நோய். இலண்டன் மாநகரில் 1665ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது, நோய் கண்ட வீட்டிலிருந்து துணிமணியும் படுக்கையும் வெளியே போகக்கூடாது, பழந்துணி விற்கக்கூடாது என்று நகராட்சி ஆணையிட்டது. நோயின் கிருமியை அன்று யாரும் அறியார். ஆனாலும் துணியோடு ஏதோ ஒன்று வருகிறது என்பதை அனுபவத்தால் உணர்ந்திருந்தார்கள். வாங்கிய பழந்துணியைக் கொதிநீரில் போட்டு அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே தொட வேண்டும் என்று நம் தாய்மார் சொல்வது மூடநம்பிக்கை ஆகாது, அது அறிவு.

இனி இலண்டனுக்கே போவோம். பழந்துணி வியாபாரம் எப்படி நடந்தது என்பதை அங்கே ஒருவர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் ஹென்றி மேஹ்யூ. 1849ஆம் ஆண்டு முதல் அந்த நகரத்தின் தெருக்களில் அலைந்து, ஏழைத் தொழிலாளர்களிடமும் தெரு வியாபாரிகளிடமும் அவர்களுடைய வருமானம், செலவு, சாப்பாடு எல்லாவற்றையும் கேட்டு எழுதியவர். 1851இல் அவருடைய கட்டுரைகள் நூல் வடிவம் பெற்றன. இன்றும் வரலாற்று ஆசிரியர்கள் அந்த நூலை எடுத்துப் புரட்டுகிறார்கள். படிப்பறிவு குறைந்த உழைப்பாளியின் பேச்சும் வரலாறு ஆகும் என்பதற்கு அது ஒரு சான்று.

மேஹ்யூ காட்டும் வியாபாரம் படிப்படியாக அமைந்தது. முதல் படியில் இருப்பவர் சேகரிப்பவர். காலையில் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் சில சில்லிங் காசோடு புறப்படுவார். "பழைய துணி! பழைய துணி!" என்று கூவிக்கொண்டு செல்வந்தர் தெருக்களைச் சுற்றுவார். வாங்கிய தொப்பிகளைத் தலையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வதும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். பின்னர் ஐரிஷ் மக்களும் இத்தொழிலில் இறங்கினார்கள். இரு சாராருமே பிழைப்புத் தேடி வந்தேறியவர்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

சேகரிப்பவர்களில் இன்னொரு வகையினர் உண்டு. அவர்கள் காசு கொண்டு போவதில்லை. கூடை நிறைய பீங்கான் கோப்பையும் தட்டும் தேநீர்க் கிண்ணமும் சுமந்து போவார்கள். பழைய சட்டைக்கு ஒரு தட்டு, நல்ல மேலங்கிக்கு ஒரு தேநீர்ச் செட்டு என்று பண்டமாற்றுச் செய்வார்கள். வீட்டுக்காரி பயன்படாத துணி போய்ப் பளபளப்பான பாத்திரம் வந்ததே என்று மகிழ்வாள். வியாபாரியோ அந்தத் துணியைக் கோப்பையின் விலையைவிடக் கூடுதலாக விற்று மகிழ்வார். இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்குத் தமிழ்நாட்டு ஊர்களில் தெருத்தெருவாக வந்த பாத்திரக்காரர் நினைவுக்கு வரலாம். பழைய புடவைக்கும் வேட்டிக்கும் எவர்சில்வர் கிண்ணம் கொடுத்த அதே வியாபாரம்தான். குஜராத்தைச் சேர்ந்த வாக்ரி சமூகத்துப் பெண்கள் இதே முறையில் வட இந்திய நகரங்களில் துணி சேகரித்து, டில்லியில் விடியற்காலையில் கூடும் சந்தையில் விற்கிறார்கள். கடல் கடந்தும் மனிதரின் யோசனை ஒரே மாதிரி ஓடியிருக்கிறது, பாருங்கள்!

இரண்டாவது படி சந்தை. சேகரித்தவர்கள் அனைவரும் பிற்பகலில் ஹவுண்ட்ஸ்டிச் என்னும் பகுதியில் கூடுவார்கள். முன்பு தெருவிலேயே நடந்த இந்த வியாபாரத்துக்கு 1843இல் வேலியடைத்த ஒரு சந்தை வளாகம் அமைந்தது. பழந்துணிப் பரிவர்த்தனை மன்றம் என்று அதற்குப் பெயர். உள்ளே நுழைய அரைப் பென்னி கட்டணம். காலை முழுவதும் நடந்து சேகரித்த ஒருவர் சில நிமிடங்களில் தம் பையைக் காலி செய்துவிட்டு, காசாக்கிக்கொண்டு வீடு திரும்புவார். ஆனால் அங்கே மொத்தமாக வாங்குபவர் சேகரித்தவரைவிட விலை அறிந்தவர். ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் பிடித்து, கக்கத்தைப் பார்த்து, முழங்கையைப் பார்த்து, மடிப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

மூன்றாவது படியில் கைத்தொழிலாளர்கள் இருந்தார்கள். கிழிந்த இடத்தை ஒட்டுத் தெரியாமல் தைப்பவர் ஒருவர். வெளுத்துப்போன கறுப்பு மேலங்கிக்கு மரச்சாயம் ஏற்றிப் புதிது போலாக்குபவர் இன்னொருவர். பெரியவரின் காற்சட்டை தேய்ந்திருந்தால், தேயாத பகுதியை வெட்டிச் சிறுவனுக்குத் தைப்பவர் மற்றொருவர். முற்றிலும் தேய்ந்த மேலங்கியின் முதுகுத் துணியிலிருந்து தொப்பி பிறக்கும். பழைய காலணிகளைப் பிரித்து, இரண்டு மூன்று சோடிகளின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரு சோடியாக்கும் தொழிலாளரை "மொழிபெயர்ப்பாளர்" என்ற வேடிக்கைப் பெயரால் அழைத்தார்கள். பழையதைப் புதியதாக மாற்றிச் சொல்கிறார் அல்லவா, அதனால்தான்! சார்லஸ் டிக்கன்ஸ் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளரும் தம் இளவயதில், மன்மத் தெருவின் பழந்துணிக் கடைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அது 1836இல் வந்த அவருடைய முதல் நூலில் இடம்பெற்றது. தொங்கும் உடைகளைப் பார்த்து, அவற்றை முன்பு உடுத்தியவர்களின் வாழ்க்கையை அவர் அதில் கற்பனை செய்கிறார்.

நான்காவது படி ஏற்றுமதி. இலண்டனில் விலைபோகாத துணி கப்பலேறி அயர்லாந்துக்குப் போனது. அங்கே இன்னும் ஏழைகள் இருந்தார்கள். ஓர் ஊரில் மதிப்பிழந்த துணி, இன்னும் வறிய ஊரில் மதிப்புப் பெறுகிறது. இந்தப் பாடத்தை மறந்துவிடாதீர்கள். பிறகு இதே பாதையை உலக அளவில் காணப் போகிறோம்.

இனி உடுத்தவே முடியாத கந்தல்? அதுவும் வீணாகவில்லை. பருத்திக் கந்தலும் சணல்நார்க் கந்தலும் காகித ஆலைக்குப் போயின. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை பரவுவதற்கு முன்பு, புத்தகங்களும் செய்தித்தாள்களும் கந்தல் துணியிலிருந்துதான் பிறந்தன. கம்பளிக் கந்தலுக்கு வேறு வழி பிறந்தது. 1813இல் யார்க்‌ஷயர் மாநிலத்தில் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைப் பற்கள் பொருத்திய உருளையில் கொடுத்துக் கிழித்து நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் முறையைக் கண்டார். அந்தத் துணிக்கு 'ஷாடி' என்று பெயர். பேட்லியும் பக்கத்து ஊரான டியூஸ்பரியும் இதனால் தொழில் நகரங்களாயின. கந்தல் பிரித்த பெண்களும் இயந்திரம் ஓட்டியவர்களும் தூசியைச் சுவாசித்துக் காய்ச்சலில் படுத்தார்கள். அதற்கும் ஷாடிக் காய்ச்சல் என்றே பெயர். நாராக்கவும் உதவாத மிச்சத்தைத் தோட்டங்களுக்கு உரமாகப் போட்டார்கள்.

இத்தனை படிகளையும் பார்த்தோம். இலாபம் எப்படிப் பிரிந்தது? தெருவில் நடந்து தொண்டை வறளக் கூவியவருக்கு அன்றன்றைய சாப்பாட்டுக்குக் கிடைத்தது. கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒட்டுத் தைத்தவருக்கும் அவ்வளவே. முதல் வைத்திருந்தவரும், தரம் பிரிக்கத் தெரிந்தவரும், எந்தத் துணி எந்த ஊரில் விலைபோகும் என்று அறிந்தவரும்தான் ஓரளவு முன்னேறினார்கள்.

பிறகு தையல் இயந்திரம் வந்தது. 1851இல் சிங்கர் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம் லயத்து வீடுகளிலும் காலால் மிதித்து ஓட்டிய அந்தப் பெயர் பொறித்த இயந்திரத்தைப் பலரும் அறிவார்கள். நூற்பதும் நெய்வதும் தைப்பதும் இயந்திரமானபோது புதுத் துணியின் விலை இறங்கியது. தொழிலாளியும் புதுச் சட்டை வாங்கலாம் என்ற நிலை வந்தது. அதோடு பழந்துணி வியாபாரிக்கு மேற்கு நாடுகளில் கிராக்கி குறைந்தது. புதுத் துணி மலிந்தால் பழந்துணியின் விலை வீழும். புதுத் துணி கிடைக்காமல் போனால்? அந்தக் காட்சியை நம் நாடே கண்டது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதுவரை கப்பலில் வந்துகொண்டிருந்த துணி நின்றுபோனது. ரப்பரை வாங்குவார் இல்லாததால் தோட்ட வேலையும் படுத்துவிட்டது. சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. நோட்டை நம்பாத மக்கள் பண்டத்தை நம்பினார்கள். பெட்டியில் இருந்த புடவையும் வேட்டியும் அரிசியாகவும் உப்பாகவும் மாறின. பட்டணத்தில் பழைய சட்டைக்கும் விலை இருந்தது. மாற்றுத் துணி இல்லாதவர்கள் அரிசிச் சாக்கைக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். அன்னாசி இலையின் நாரிலிருந்து நூல் எடுத்துத் துணி செய்யவும் முயன்றார்கள். சயாம் மரண ரயில் பாதை போட இங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம்மவர்கள், போகும்போது உடுத்தியிருந்த துணி கந்தலான பிறகு, கோவணமும் சாக்குமாகக் காட்டில் கிடந்தார்கள். திரும்பாதவர் பல்லாயிரம் பேர்.

"சாக்குக் கட்டிய காலம்" என்று பெரியவர்கள் சொன்னதன் பொருள் இதுதான். தேய்ந்த ஒரு சட்டை அன்று ஒரு குடும்பத்தின் ஒரு வார உணவாக இருந்திருக்கலாம். பழந்துணியை இகழ்ந்து பேசுவதற்கு முன்பு அந்தக் காலத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.

போர் முடிந்த பிறகு சிங்கப்பூரில் ரோச்சோர் கால்வாய் ஓரம் சுங்கை ரோடு சந்தை பெயர் பெற்றது. பிரிட்டிஷ் இராணுவத்தின் மிச்சப் பொருள்கள், பழந்துணி, காலணி, கைக்கடிகாரம், வானொலிப் பெட்டி எல்லாம் அங்கே தரையில் விரித்து விற்கப்பட்டன. திருட்டுப் பொருளும் கலந்து வந்ததால் திருடர் சந்தை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மக்கள் அதற்கு இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள்: 'ராபின்சன் பெத்தாங்'. ராபின்சன் என்பது அன்று சிங்கப்பூரின் பெரிய அங்காடியாக இருந்தது. பெத்தாங் என்றால் மலாயில் பிற்பகல். பணக்காரருக்குக் குளிர்சாதன ராபின்சன். ஏழைக்குப் பிற்பகல் ராபின்சன்! அந்தச் சந்தைக்குப் பண்டம் கொண்டுவந்தவர்களில் பலர் 'காராங் கூனி' எனப்பட்ட பழம்பொருள் சேகரிப்பவர்கள். காராங் கூனி என்றால் கோணிச் சாக்கு. தோளில் சாக்கோடு வீடுவீடாகப் போனதால் அந்தப் பெயர். கூனி என்னும் மலாய்ச் சொல்லும் நம் கோணி என்னும் சொல்லும் ஒரே குடும்பம்தான்.

சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது. வாடகை இல்லாமல் வியாபாரம் செய்த முதியவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். நகரம் வளர்ந்தது; நிலத்தின் விலை ஏறியது; தரையில் விரிக்கும் வியாபாரிக்கு இடம் இல்லாமல் போயிற்று. தோட்ட நிலம் வீடமைப்புத் திட்டமாகி, லயத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு இந்தக் கதை புதிதன்று.

இதற்கிடையே பழந்துணி உலக வாணிபமாக மாறியது. செல்வ நாடுகளில் மக்கள் தர்மத்துக்குக் கொடுக்கும் உடைகள் அறநிறுவனங்களின் கடைகளுக்குத் தேவையானதைவிட மிக அதிகம். எஞ்சியதை அவை எடைபோட்டு வியாபாரிகளுக்கு விற்கின்றன. வியாபாரிகள் தரம் பிரித்து, இறுக்கிக் கட்டி, பொதிகளாகக் கப்பலேற்றுகிறார்கள். நம் நாட்டில் 'பண்டல்' என்ற பெயர் அந்தப் பொதியால் வந்தது. ஜப்பானிலிருந்தும் இவ்வாறு ஏராளமாக இங்கே வந்திறங்குகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் 'மித்தும்பா' என்பார்கள். அதற்கும் பொதி என்றே பொருள். சாம்பியாவில் 'சலவுலா' என்பார்கள். குவியலில் பொறுக்குவது என்று பொருள். கானா நாட்டில் வழங்கும் பெயரோ மனத்தைத் தொடுகிறது. 'இறந்த வெள்ளைக்காரனின் துணி' என்று அதற்குப் பொருள். இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருப்பவன் கொடுக்க மாட்டானே என்று அம்மக்கள் எண்ணினார்கள்.

கானாவின் தலைநகரான அக்ராவில் கந்தமாந்தோ என்ற பெரிய பழந்துணிச் சந்தை இருக்கிறது. அங்கே வியாபாரி பொதியைப் பிரித்துப் பார்த்து வாங்க முடியாது. கடன் வாங்கிப் பொதியை எடுப்பார். பிரித்த பிறகுதான் நல்ல துணி எத்தனை, கந்தல் எத்தனை என்று தெரியும். கந்தல் மிகுந்தால் நட்டம் அவருடையது. அனுப்பிய நாட்டு வியாபாரிக்குப் பணம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. விற்காத துணி குப்பையாகிக் கடற்கரையில் ஒதுங்குகிறது. 2025 சனவரித் தொடக்கத்தில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. கடன்பட்டுப் பொதி வாங்கியிருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பல அரசுகள் இந்த இறக்குமதியைத் தடுக்க முயன்றிருக்கின்றன. பிலிப்பீன்ஸ் 1966இலேயே சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆயினும் அங்கே பழந்துணிக் கடைகள் ஊர்தோறும் உண்டு. இந்தோனேசியா 2015இல் தடை விதித்தது. ருவாண்டா 2016இல் ஒரு கிலோவுக்கு 20 அமெரிக்கக் காசாக இருந்த வரியை இரண்டரை டாலராக உயர்த்தியது. தன் நாட்டில் துணி ஆலைகள் வளர வேண்டும் என்பது அதன் எண்ணம். பழந்துணி ஏற்றுமதி செய்யும் அமெரிக்கா, 2018இல் ருவாண்டாவின் உடைகளுக்குக் கொடுத்திருந்த வரிச் சலுகையை நிறுத்திவிட்டது. வேண்டாதவர் கழித்த துணியை வேண்டாம் என்று மறுக்கவும் ஏழை நாட்டுக்குச் சுலபமாக இல்லை!

இந்தியாவில் உடுத்தும் நிலையில் உள்ள பழந்துணியின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. வெட்டிச் சிதைத்த கந்தலாக வந்தவை வட இந்தியாவின் பானிபட் நகருக்குப் போயின. அங்கே பெண்கள் அரிவாள்மணை போன்ற கத்தியின் முன் உட்கார்ந்து, பித்தானையும் பல்லிணைப்பையும் அறுத்தெடுத்து, நிறம் வாரியாகத் துணியைப் பிரிப்பார்கள். அது நாராகி, நூலாகி, கம்பளிப் போர்வையாகும். வெள்ளம், நிலநடுக்கம் வந்த இடங்களில் நிவாரணமாகக் கொடுக்கும் போர்வைகளில் பல பானிபட்டில் பிறந்தவை. 1813இல் பேட்லியில் தொடங்கியது இருநூறு ஆண்டு கழித்து இந்தியப் பெண்களின் மடியில் வந்து சேர்ந்தது.

நேயர்களே, இந்த வரலாறு நமக்குக் கணக்கும் கற்றுத் தருகிறது. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 120 வெள்ளி கொடுத்து 40 துணி உள்ள மூட்டையைப் பார்க்காமலே வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். துணி ஒன்று 3 வெள்ளி. பிரித்தால் 10 கந்தல். 18 துணி ஆளுக்கு 5 வெள்ளி என்று போகிறது, 8 துணி 10 வெள்ளிக்குப் போகிறது, 4 தங்கிவிடுகிறது. வரவு 170 வெள்ளி. சவர்க்காரம், நூல், பேருந்துக் கட்டணம் 20 வெள்ளி. இலாபம் 30 வெள்ளி. இன்னொருவர் அதே 120 வெள்ளியில், குவியலில் நின்று பொறுக்கி, துணி ஒன்று 4 வெள்ளி என்று 30 மட்டும் வாங்குகிறார். தவறியது 2. 16 துணி 5 வெள்ளிக்கும், தைத்துச் சீராக்கிய 10 துணி 12 வெள்ளிக்கும் போகிறது, 2 தங்குகிறது. வரவு 200. செலவு அதே 20. இலாபம் 60 வெள்ளி. கூடுதல் விலை கொடுத்தவருக்கே இரட்டிப்பு இலாபம்! காரணம், அவர் கண்ணாலும் கையாலும் உழைத்தார்.

ஆனால் கணக்கை அத்தோடு முடித்துவிடக் கூடாது. இருவரும் 15 மணி நேரம் செலவிட்டிருந்தால், முதலாமவருக்கு மணிக்கு 2 வெள்ளி. இரண்டாமவருக்கு 4 வெள்ளி. தம் நேரத்துக்கு விலை போடாத வியாபாரி, இலாபம் வந்ததாக எண்ணிக்கொண்டு ஏமாந்துபோவார். தாயோ தங்கையோ துவைத்துத் தைத்துக் கொடுத்தால், அந்த மணி நேரத்தையும் கணக்கில் எழுத வேண்டும். இலண்டனில் ஒட்டுத் தைத்தவரின் உழைப்பும் பானிபட்டில் கந்தல் பிரித்தவரின் உழைப்பும் மலிவாகப் போனது போல, வீட்டுப் பெண்ணின் உழைப்பும் கணக்கில் வராமல் போய்விடக் கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை ஹவுண்ட்ஸ்டிச் வியாபாரியிடமே கற்கலாம். துணியை வெளிச்சத்தில் பிடித்தால் இழை தேய்ந்த இடம் தெரியும். கக்கம், கழுத்துப்பட்டை, முழங்கை, தொடைப்பகுதி ஆகியவையே முதலில் தேயும். பித்தான் போனால் வைக்கலாம். இழை தேய்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கைப்பையில் தோல் உரிகிறதா, காலணியில் அடித்தோல் ஒட்டு விடுகிறதா என்று வளைத்துப் பார்க்க வேண்டும். பெயர் பெற்ற நிறுவனத்தின் முத்திரையைப் போலியாகப் பதித்த பொருளை அசல் என்று விற்பது குற்றம். எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தயங்குபவரிடம் வாங்குவதும் ஆபத்து. திருடர் சந்தை என்ற பெயர் நேர்மையான வியாபாரிகள் மேலும் படிந்ததற்கு அதுவே காரணம். கடன் வாங்கிப் பிரிக்காத பொதியை வாங்க வேண்டாம். கையிலுள்ள சிறு முதலில் தொடங்கினால், நட்டமும் சிறிதாகவே இருக்கும்.

தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இப்போது விடை சொல்லலாம். பழந்துணி வியாபாரம் இழிவானது அன்று. கழித்த பொருளுக்கு மறுவாழ்வு கொடுத்த பழமையான தொழில் அது. இலாபம் உண்டு, ஆனால் தரம் அறிந்த கண்ணுக்கும் சீராக்கத் தெரிந்த கைக்கும் மட்டுமே உண்டு. அந்த இலாபம் யாருக்குப் போகிறது என்பதுதான் எக்காலத்திலும் கடினமான கேள்வி. கணக்கு எழுதாதவரின் பங்கை எழுதுபவர் எடுத்துக்கொள்கிறார்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சந்தையிலிருந்து ஒரு மூட்டைத் துணியோடு வந்தால் திட்டி விரட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். எவ்வளவுக்கு வாங்கினாய், எவ்வளவுக்கு விற்பாய், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். எழுதட்டும். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்களுடைய பெற்றோர் சாக்குக் கட்டிய காலத்தைப் பற்றிச் சொன்னவற்றையும் கேட்டு, அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைக்கட்டும். மேஹ்யூ செய்த வேலையும் அதுதான். நம்மவர் வரலாற்றை நாமே எழுதிவைக்க அந்தப் பக்கங்கள் போதும்.